சும்மா கிடக்கும் இடம்

போர்மேன் என் காடியின் முன்சக்கரத்துக்கு மேலே கையை விட்டுக் காட்டினார். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே நான்கு விரல் தாராளமாகப் போனது.

"பாத்தீங்களா தம்பி, எவ்ளோ எடம் சும்மா கெடக்குது. முன்னால ரெண்டு இஞ்சு, பின்னால ஒரு இஞ்சு தூக்கிட்டா முப்பத்து மூணு இஞ்சு டயரு அழகா உள்ள போயிரும்."

நான் இயந்திரவியல் படித்தவன். அந்த இடம் எதற்காக என்று பரீட்சையில் கேட்டிருந்தால் அரைப் பக்கம் எழுதியிருப்பேன். பள்ளத்தில் விழுந்து எழும்போது சக்கரம் மேலே ஏறி வர வேண்டும். ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கும்போது டயரின் ஓரம் எதிலும் உரசக் கூடாது. சேறு அப்பினால் அது விழவும் வழி வேண்டும். வண்டி நிற்கும்போதுதான் அது காலி இடம். ஓடும்போது சக்கரம் அங்கேதான் குடியிருக்கிறது. இவ்வளவும் தெரிந்தும் அன்றைக்கு அந்தச் 'சும்மா' என்ற சொல் எனக்கு இனித்தது. சும்மா கிடப்பதை எடுத்துக்கொள்வதில் என்ன தவறு? யாருடைய பங்கையும் நான் பறிக்கவில்லையே?

கேள்வியைக் கேட்டேனே தவிர பதிலுக்கு நிற்கவில்லை. முன்பணம் கட்டிவிட்டேன்.

எங்கள் ஊர் சிடாம் கிரி. கிரி என்றவுடன் மலையைத் தேடாதீர்கள். மலாயில் கிரி என்றால் இடது. வலதான சிடாம் கானான் குலிம் மாவட்டத்தில் இருக்கிறது. சுங்கைப்பட்டாணியை விட்டு உள்ளே வந்தால் செம்பனையும், அங்கங்கே மிச்சமிருக்கும் பால்மரமும். தார் முடிந்து செம்மண் தொடங்கும் பாதைகள் இன்னும் உண்டு. ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், என் அன்றாட வழியில் அப்படி ஒரு பாதைகூட இல்லை. வீட்டிலிருந்து குலிமில் வேலை செய்யும் ஆலைவரை முழுக்கத் தார்.

ஆசை வந்தது பாலிங்கில். 2022 ஜூலை 4-ஆம் தேதி குனோங் இனாஸ் மலையிலிருந்து இறங்கிய வெள்ளம் கூப்பாங் வட்டாரத்துக் கம்பங்களை அடித்துப் போட்டது. மூன்று பேர் இறந்தார்கள். நாங்கள் நான்கைந்து நண்பர்கள் அரிசி, தண்ணீர், துணிமணி ஏற்றிக்கொண்டு போனோம். வீடுகளுக்குள் முழங்கால் உயரத்துக்குச் சேறு; வாசலில் பெரிய பெரிய மரக்கட்டைகள். என் பழைய ஹைலக்ஸ் ஒரு திருப்பத்தில் வயிறு தட்டி நின்றுவிட்டது. பின்னால் வந்த ஒரு மலாய் அண்ணன், உயரமாகத் தூக்கிக் கட்டிய வண்டிக்காரர், கயிறு போட்டு இழுத்துவிட்டு, என் சாமான்களையும் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். நன்றி சொல்லக்கூட நேரம் தரவில்லை. அன்று எனக்கு வந்தது பாதி வெட்கம், பாதி ஆசை. அடுத்த முறை நான் இழுக்கிற ஆளாக இருக்க வேண்டும்.

அடுத்த ஆண்டு டயர் மாற்றினேன். அதன் பிறகு நான் யாரையும் வெள்ளத்திலிருந்து இழுக்கவில்லை. சுங்கை செடிமுக்கு நான்கு தடவை கூடாரம் போடப் போயிருக்கிறேன். மற்ற நாளெல்லாம் குலிம் சாலையில் சிக்னலுக்கு நிற்கிறேன்.

டயர் சங்கதியைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். இலக்கியம் படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், கணக்கு இல்லாமல் இந்தக் குற்றம் புரியாது.

என் பழைய டயர் 265/65 ஆர் 17. அகலம் 265 மில்லிமீட்டர், பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் 65 விழுக்காடு, உள்ளே உட்காரும் ரிம் 17 அங்குலம். கூட்டினால் மொத்த விட்டம் 776 மில்லிமீட்டர். புதியது 285/70 ஆர் 17. அதன் விட்டம் 831. பக்கத்தில் நிறுத்தினால் யானையும் கன்றும் மாதிரி இருக்கும். ஆனால் தரையிலிருந்து அச்சு எவ்வளவு உயர்கிறது? வித்தியாசத்தில் பாதி. வெறும் 27 மில்லிமீட்டர். ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு மேல் கொஞ்சம்.

இதைவிட வேடிக்கை தூக்கிக் கட்டுவது. ஸ்பிரிங்கையும் பட்டையையும் உயர்த்தினால் மேலே போவது உடம்பு. பின் அச்சின் நடுவில் தொங்கும் அந்த உருண்டை, டிஃபரென்ஷியல், வண்டியின் அடியில் மிகத் தாழ்ந்த உறுப்புகளில் ஒன்று. பாறையில் முதலில் முட்டக்கூடியது அதுதான். வண்டியை இரண்டு இஞ்சு தூக்கினாலும் ஆறு இஞ்சு தூக்கினாலும் அந்த உருண்டை ஒரு முடியளவும் ஏறாது. அதை உயர்த்த டயர் ஒன்றால்தான் முடியும். ஆக, பார்க்கிறவர் கண்ணுக்குத் தெரிகிற உயரம் ஒன்று, பாறைக்குத் தெரிகிற உயரம் இன்னொன்று. நான் காசு கொடுத்ததில் பெரும்பகுதி முதலாவதற்குத்தான்.

சரி, அது என் காசு, என் பெருமை. விட்டுவிடலாம். மீட்டருக்கு வருவோம்.

வேகமானி சாலையைப் பார்ப்பதில்லை. சக்கரம் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ணி, ஒரு சுற்றுக்கு இவ்வளவு தூரம் என்று நம்பிக் கணக்குச் சொல்கிறது. டயர் பெரிதானால் ஒரு சுற்றில் ஓடும் தூரம் கூடுகிறது. எனக்கு 7 விழுக்காடு கூடியது. மீட்டர் அதுவரை துல்லியமாக இருந்திருந்தால், இனி அது 110 என்று காட்டும்போது நான் 117-க்கு மேல் ஓடிக்கொண்டிருப்பேன். ஒரு லட்சம் கிலோமீட்டர் என்று காட்டும்போது வண்டி 107,000 ஓடியிருக்கும். நாளை அதை விற்றால் வாங்குகிறவனிடம் மீட்டர் பொய் சொல்லும். நான் வாயைத் திறந்து ஒரு பொய்யும் சொல்லியிருக்க மாட்டேன்.

இதில் என்னை யோசிக்க வைத்த இன்னொரு விவரம் உண்டு. பல நாடுகள் ஏற்றுக்கொண்டிருக்கும் ஐக்கிய நாடுகள் அவையின் 39-ஆம் எண் வாகன விதி, வேகமானி உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது என்கிறது. கூட்டிக் காட்டலாம், அதுவும் ஓர் அளவுக்குள். அதனால் கம்பெனியிலிருந்து வரும்போதே மீட்டர் கொஞ்சம் மிகைப்படுத்திச் சொல்லும். 110 என்று காட்டும்போது உண்மையில் நீங்கள் 105-இல் போய்க்கொண்டிருக்கலாம். யாரோ ஒருவர், எங்கோ ஒரு மேசையில் உட்கார்ந்து, முகம் தெரியாத ஓட்டுநரின் அவசரத்தையும் தேய்ந்த டயரையும் கணக்கில் எடுத்து, சாலை ஓரத்தில் நடக்கும் இன்னொரு முகம் தெரியாதவருக்காக ஐந்து கிலோமீட்டரை மிச்சம் வைத்திருக்கிறார். நான் பெரிய டயர் போட்டு அந்த மிச்சத்தைச் சாப்பிட்டுவிட்டேன்.

இப்படிப் பார்க்க ஆரம்பித்தால் எங்கு பார்த்தாலும் அந்த நான்கு விரல் இடைவெளிதான். பிரேக்கை அதே அளவு மிதித்தால், பெரிய சக்கரத்தின் விளிம்பில் கிடைக்கும் தடுப்பு விசை ஆறு, ஏழு விழுக்காடு குறைவு. வண்டியின் பாரம் மேலே போவதால் வளைவில் சாயும். பானெட் உயர உயர, அதன் முன்னால் நிற்கும் சின்னப் பிள்ளை மறைந்துபோகும். அமெரிக்காவின் ஐ.ஐ.எச்.எஸ். என்ற சாலைப் பாதுகாப்பு நிறுவனம் 2023-இல் வெளியிட்ட ஆய்வில், முன்பக்கம் 40 அங்குலத்துக்கு மேல் உயரமான வண்டிகள் பாதசாரியை மோதினால் அவர் இறப்பதற்கான வாய்ப்பு, தாழ்ந்த சரிவான முகப்புள்ள வண்டிகளைவிட 45 விழுக்காடு அளவுக்குக் கூடுதல் என்று கண்டார்கள். உயரத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்கோ முன்பைவிடப் பாதுகாப்பாகத்தான் தோன்றுகிறது. தோன்றுவதும் முழுக்கப் பொய் இல்லை. அந்தப் பாதுகாப்பு எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி.

நண்பன் ஒருவனிடம் இதைச் சொன்னேன். "அப்ப லோரிக்காரன் என்னா பண்ணுவான்? பஸ்ஸுகாரன் என்னா பண்ணுவான்? அவங்க காடியும் ஒசரந்தானே?" என்றான். நியாயமான கேள்வி. லோரியின் உயரத்துக்கு ஒரு வேலை இருக்கிறது. அதை ஓட்டத் தனி லைசென்ஸ் இருக்கிறது. அதைப் பார்த்தவுடன் மோட்டார்காரர் ஒதுங்கிக்கொள்கிறார். என் வண்டி, ஒரு சாதாரண வண்டியிடம் மற்றவர்கள் எதிர்பார்ப்பதை எதிர்பார்க்க வைத்துவிட்டு, வேறு மாதிரி நடந்துகொள்கிறது. சட்டத்தைக் கேட்டால் ஜே.பி.ஜே. அனுமதி இல்லாமல் வண்டியின் அமைப்பை மாற்றக் கூடாது. 1959-ஆம் ஆண்டு விதிகள் இன்னும் இருக்கின்றன. ஆனால் நம் ஆட்கள் சட்டத்தோடு பழகும் விதம் உங்களுக்குத் தெரியும். புஸ்பாகோம் பரிசோதனை நாளன்று பழைய டயரை மாட்டிக்கொண்டு போவார்கள், சாயங்காலம் மறுபடி புதியதை மாட்டுவார்கள். பிடிபட்டால் சம்மன், கட்டினால் கணக்குத் தீர்ந்தது. அந்தக் கணக்கில் மாமாவுக்கு இடமில்லை.

மாமா என்றால் சொந்த மாமா இல்லை. தோட்டத்தில் எல்லாரும் மாமாதான். எழுபதை நெருங்கியவர். தோட்டத்தைச் செம்பனைக்கு மாற்றியபோது எல்லாரும் தாமான் வீடுகளுக்கு வந்துவிட்டார்கள். அவரும் வந்தார், ஆனால் கத்தியைக் கீழே வைக்கவில்லை. ஒரு மலாய்க்காரரின் ஐந்து ஏக்கர் பால்மரத்தைப் பாதிப் பங்குக்கு வெட்டிக்கொண்டிருந்தார். விடிவதற்கு முன்னால், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, பழைய ஹோண்டா மோட்டாரில் போவார்.

கெடாவில் வெள்ளிக்கிழமை விடுமுறை. அன்று காலை ஐந்தே முக்காலுக்கு நான் செடிமுக்குக் கிளம்பினேன். பின்னால் கூடாரம், இரண்டு ஐஸ் பெட்டி, ஜெனரேட்டர், விறகு, எல்லாம் ஏற்றியிருந்தேன். லைட்டைத் தாழ்த்தித்தான் வைத்திருந்தேன். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பல வாரம் இந்த ஒரு வாக்கியத்தில்தான் ஒளிந்துகொண்டிருந்தேன். எதிரே ஒரு சின்ன ஒற்றை விளக்கு வந்தது. ஆடியது. பிறகு இல்லை.

காணுக்குள் மோட்டார் கவிழ்ந்து கிடந்தது. மாமா ஏற்கெனவே எழுந்து உட்கார்ந்திருந்தார். முழங்கையில் தோல் வழன்றிருந்தது. கணுக்கால் வீங்க ஆரம்பித்திருந்தது. வாளியும் கத்தியும் புல்லில்.

"கண்ணு அவிஞ்சி போச்சி தம்பி," என்றார். "ஒரே வெள்ளையா போச்சி. ரோடு எங்க இருக்குன்னே தெரியல. வயசாச்சில்ல. நல்ல வேள, ஒன் மேல வந்து வுழல."

"பரவால்ல மாமா," என்றேன்.

யோசித்துப் பாருங்கள், நான் அவரை மன்னித்திருக்கிறேன்.

கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன், மோட்டாரைத் தூக்கி வீட்டில் சேர்த்தேன், அவர் மனைவி எனக்குத் தேநீர் கொடுத்தார். நல்ல பிள்ளை என்று தாமானில் பேசினார்கள்.

சில வாரம் கழித்து, அடுத்த பயணத்துக்குச் சாமான் ஏற்றிவிட்டு ராத்திரி வண்டியை ஸ்டார்ட் செய்தபோது எதிர்வீட்டுச் சுவரைப் பார்த்தேன். என் தாழ்ந்த விளக்கின் வெளிச்சக் கோடு அவர்கள் சன்னலுக்குள் போயிருந்தது. கைப்பேசியில் கணக்குப் போட்டேன். முன்னால் இரண்டு இஞ்சு, பின்னால் ஒன்று. ஆக மூக்கு 25 மில்லிமீட்டர் நிமிர்ந்திருக்கிறது. இரண்டு அச்சுக்கும் நடுவே 3,085 மில்லிமீட்டர். அதாவது ஒரு மீட்டர் தூரத்துக்கு 0.8 சென்டிமீட்டர் ஏற்றம். விளக்குகளைப் பொதுவாக மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு இறங்கும்படி அமைப்பார்கள். அந்தச் சரிவு முழுவதையும் கிட்டத்தட்ட நான் அழித்துவிட்டேன். அதற்கு மேல் பின்பாரம். ஸ்பிரிங் நான்கு சென்டிமீட்டர் அமுங்கினால் மேலும் 1.3 சென்டிமீட்டர் ஏற்றம். கூட்டிக் கழித்தால் வெளிச்சம் இறங்குவதற்குப் பதில் ஏறுகிறது. முப்பது மீட்டரில் அது தரைக்கு மேலே 1.35 மீட்டர் உயரத்தில் போகும். கப்சாய் மோட்டாரில் உட்கார்ந்திருக்கும் மனிதரின் கண் அங்கேதான் இருக்கும்.

எதிரே வருகிறவர்கள் பல மாதமாக எனக்கு லைட் அடித்துக்கொண்டிருந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வண்டியைப் பார்த்து ரசிக்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். சத்தியமாக.

1976-இல் பெர்னார்ட் வில்லியம்ஸ், தாமஸ் நேகல் என்ற இரண்டு தத்துவவாதிகள் ஒரே அரங்கில் ஒரே பொருளைப் பற்றி எழுதினார்கள்: அறத்தில் அதிர்ஷ்டத்துக்கு என்ன இடம்? வில்லியம்ஸ் ஒரு லோரி ஓட்டுநரைக் கற்பனை செய்கிறார். அவர்மேல் எந்தத் தப்பும் இல்லை. ஆனாலும் ஒரு குழந்தை வண்டியில் அடிபட்டுவிடுகிறது. சுற்றி நிற்பவர்கள் எல்லாருக்கும் வருத்தம்தான், ஆனால் ஓட்டுநரின் வருத்தம் வேறு வகை. நாம் அவரைத் தேற்றுவோம், தேற்ற வேண்டும். ஆனாலும் அவர் சட்டென்று தேறிவிட்டால் நமக்கு ஏதோ உறுத்தும். நேகல் இன்னொரு ஓட்டுநரைச் சொல்கிறார். பிரேக்கைப் பரிசோதிக்காமல் விட்டவர். குறுக்கே பிள்ளை ஓடிவராத நாளில் அவர் சின்ன அலட்சியக்காரர். ஓடிவந்த நாளில் அவர் கொன்றவர். அலட்சியம் என்னவோ இரண்டு நாளும் ஒன்றே.

நான் இந்த இருவரில் யார் என்று ரொம்ப நாள் தேடினேன். முதலாமவர் என்று சொல்லிக்கொள்ளத்தான் ஆசை. ஆனால் நேகலின் ஓட்டுநராவது ஒன்றைச் செய்யாமல் விட்டார். பிரேக் தானாகத் தேய்ந்தது. என் விளக்கு தானாக நிமிரவில்லை. காசு கொடுத்து நிமிர்த்தினேன். மாமா இறக்கவில்லை, கால் ஒடியவில்லை, காண் ஆழமில்லை, பின்னால் லோரி வரவில்லை. இந்த 'இல்லை'கள் எதையும் நான் சம்பாதிக்கவில்லை. அவையும் ஒரு மாதிரி சும்மா கிடைத்தவைதான்.

இந்த இடத்தில் மயிலிறகு ஏற்றிய வண்டியின் அச்சு முறியும் குறளைச் சொல்லக் கை துறுதுறுக்கிறது. வாகனம் பற்றி எழுதும் எந்தத் தமிழனும் அதைத் தாண்டிப் போக முடியாது. ஆனால் அந்தக் குறள் வலியறிதல் அதிகாரத்தில் இருக்கிறது. தன் வலிமையின் அளவு தெரியாமல் மிஞ்சிப் போகிறவனுக்குச் சொன்னது. அங்கே முறிவது ஏற்றியவனின் அச்சு. அளவு மீறினால் நீயே கெடுவாய் என்பது நல்ல எச்சரிக்கைதான், பயந்து திருந்திவிடலாம். எனக்கு எந்த அச்சும் முறியவில்லை. என் வண்டி இன்றுவரை நன்றாக ஓடுகிறது. நான் மீறிய அளவுக்கு விலை கொடுத்தது எதிரே வந்தவர். இப்படிப்பட்ட மீறலுக்குப் பயம் உதவாது. எனக்குப் பயப்பட ஒன்றுமே இல்லை.

மாமா பால்மரம் வெட்டுவதைச் சின்ன வயதில் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். பட்டைக்குள் பால் ஓடும் குழாய்கள் கட்டையை நெருங்க நெருங்க அடர்த்தியாக இருக்கும். கொஞ்சம் ஆழமாகக் கத்தியை விட்டால் அன்றைக்குப் பால் கூடும். கூலியோ எடைக்கு. ஆனால் கட்டையை ஒட்டியிருக்கும் மெல்லிய படலத்தில் கத்தி பட்டுவிட்டால் அது காயம். அங்கே புதுப்பட்டை ஒழுங்காக வராது, முண்டு முண்டாக எழும்பும். அதனால் ஒரு மில்லிமீட்டர் அளவுக்குப் பட்டையை விட்டுவிட்டுக் கத்தியை நிறுத்த வேண்டும். அளந்து பார்க்க ஒரு கருவியும் கிடையாது, கைதான் அளவு. வெட்டிய பட்டை மறுபடி வளர்ந்து கத்திக்குத் தயாராகப் பல ஆண்டுகள் ஆகும். அப்போது அந்த மரத்தின் முன்னால் யார் நிற்பார்கள் என்று இன்றைக்கு வெட்டுகிறவருக்குத் தெரியாது. பழைய நாளில் காயம் போட்டால் மண்டோர் கத்துவார். இப்போது மாமாவைக் கேட்க எந்த மண்டோரும் இல்லை. மரக்காரர் மாதம் ஒருமுறை வந்தால் அதிகம். ஆனாலும் அந்த ஒரு மில்லிமீட்டரை அவர் விட்டுத்தான் வெட்டினார்.

அந்த மில்லிமீட்டரில் பால் இருக்கிறது என்று எல்லாரையும்விட அவருக்குத் தெரியும். போர்மேனின் பாஷையில் சொன்னால், அது அங்கே சும்மா கிடந்தது.

நெற்றி விளக்கின் வெளிச்சத்தில் ஒரு மில்லிமீட்டரைப் பார்த்து நிறுத்துகிற கண்ணை அவிந்துபோன கண் என்று எப்படிச் சொல்வது? இது எனக்குச் சுவர் வெளிச்சத்தைப் பார்த்த ராத்திரியே உறைத்தது. மறுநாளே விளக்கை இறக்கிச் சரிசெய்தேன். ஒரு திருகாணியைத் திருப்புகிற வேலை, பத்து நிமிடம்கூட ஆகவில்லை. மாமாவிடம் போய்ச் சொல்ல எனக்கு நான்கு மாதம் ஆனது.

அந்த நான்கு மாதத்தில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கால் வீக்கம் இரண்டு வாரத்தில் வற்றியது. ஆனால் மாமா இருட்டில் மோட்டார் எடுக்க மறுத்துவிட்டார். விடிந்து வெயில் ஏறிய பிறகு வெட்டினால் பால் குறையும். மரக்காரர் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார். கண் பரிசோதனைக்குப் போகச் சொன்னார்கள், போகவில்லை. "அறுக்கணும்னு சொல்லிடுவான்" என்று பயம். பினாங்கில் இருக்கும் மகன் வந்து, இனிமேல் இந்த வேலையே வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். தாமான் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் மாமா உட்கார்ந்திருப்பதை நான் வேலைக்குப் போகும்போது உயரத்திலிருந்து பார்ப்பேன். கை காட்டுவார். நானும் காட்டுவேன்.

தவறு செய்தது ஒரு நாள். மறைத்தது நூற்றிருபது நாள். முதலாவது அலட்சியம் என்று நேகலை வைத்து வாதாடலாம். இரண்டாவதற்கு எந்தத் தத்துவவாதியும் எனக்கு வக்கீலாக வரமாட்டார். ஒரு மனிதர் தன் கண்ணைப் பற்றித் தானே தவறாக நம்பிக்கொண்டிருந்தார், அந்த நம்பிக்கை எனக்கு வசதியாக இருந்தது. ஏழைகள் பழியைத் தங்கள் மேலேயே போட்டுக்கொள்வதில் இருக்கும் வேகம் நமக்குத் தெரிந்ததுதான். வயசாச்சி, படிக்கல, நம்ம ராசி என்று அவர்களே சொல்லிக்கொண்டு ஒதுங்கிவிடுவார்கள். அந்த ஒதுங்கலையும் நான் காலி இடமாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பசியாறல் நேரத்தில் போனேன். தீப்பெட்டியை வண்டியாக வைத்து, ஒரு முனையைத் தூக்கிக் காட்டி, ஈர்க்குச்சியை வெளிச்சமாக வைத்து விளக்கினேன். கேட்டுக்கொண்டே இருந்தார். மாமி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். கோபம் வரும் என்று காத்திருந்தேன்; வந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"அப்ப என் கண்ணு நல்லாத்தான் இருக்குன்றியா?" என்றார்.

முகம் மலர்ந்திருந்தது. அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

"அப்படித்தான் நெனைக்கிறேன் மாமா. ஒருக்கா டாக்டர்ட்ட காட்டிருவோம்."

"அன்னிக்கே சொல்லியிருந்தா மோட்டார வித்திருக்க மாட்டானே," என்றார். மகனைச் சொல்கிறார். குறையாகச் சொன்ன மாதிரிகூட இல்லை, கணக்குப் பார்ப்பது மாதிரி இருந்தது. பிறகு கேட்டார், "அந்த டயர கழட்டிட்டியா?"

"லைட்ட எறக்கிட்டேன் மாமா. டயரு இருக்கு."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. நான் இன்னும் கழற்றவில்லை. அடுத்த வெள்ளத்துக்கு வேண்டும் என்று ஒரு நாள் நினைக்கிறேன், பொய் என்று மறுநாள் நினைக்கிறேன். கூப்பாங்கில் என்னை இழுத்துவிட்ட அந்த அண்ணனின் வண்டியும் இதே உயரம்தான் என்பது இரண்டு பக்கமும் இழுக்கிறது. அவர் விளக்கை இறக்கியிருந்தாரா என்று அன்று பார்க்கத் தோன்றவில்லை.

மறுவாரம் கண் பார்க்க அழைத்துப்போக வந்தேன். மாமா வெள்ளைச் சட்டை போட்டு, தலை சீவித் தயாராக நின்றார். கதவைத் திறந்துவிட்டேன். ஒரு காலைத் தூக்கிப் பார்த்தார், எட்டவில்லை. கதவின் பிடியைப் பற்றிக்கொண்டு மறுபடி தூக்கினார். வீங்கி வற்றிய அந்தக் கணுக்கால்தான் கீழே ஊன்றியிருந்தது. நான் கை கொடுத்தேன், இடுப்பைப் பிடித்தேன், கூச்சப்பட்டார். "இருப்பா, இருப்பா" என்று சொல்லிக்கொண்டே பின்னால் நகர்ந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

வீட்டுக்குப் போய் அப்பாவின் மைவியை எடுத்து வந்தேன்.